எக்ஸ்ரே சிஸ்டரும் கிரேன்காரரின் கால்களும்

அந்த மனநல மருத்துவமனையின் திறந்த வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவருக்கு, பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. டாக்டரிலிருந்து துணி துவைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே சிஸ்டர். ஆளைத் தொடாமல், ஒரு வார்த்தை கேட்காமல், நடந்து வருவதைப் பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அதனால் வந்த பட்டம் அது. கொடுத்தவர் வார்டு உதவியாளர்; வாய் சும்மா இருக்காத மனிதர். சிஸ்டர் வெளியே முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அந்தப் பட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் எப்படி இருக்கும்? அந்தக் கண்ணைச் சம்பாதிக்க அவர் பாதி ஆயுளைச் செலவழித்திருந்தார்.

வார்டுக்கு வெளியே நீண்ட வராந்தா. அதன் கடைசியில் குடிதண்ணீர்க் குழாய். அதற்குப் பக்கத்தில், சுவரோடு ஓடும் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நிற்பதுதான் சிஸ்டரின் காலை வேலை. மாத்திரை விழுங்கத் தண்ணீர் வேண்டுமென்றால் எல்லோரும் அந்த வராந்தாவைக் கடந்து வந்தாக வேண்டும். அங்கே நின்று அவர் பார்ப்பார். ஒருவருக்கு வலது கை வீசுகிறது, இடது கை விலாவோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மருந்து கொஞ்சம் தூக்கலாகி உடம்பை விறைக்க வைக்கிறது என்று அர்த்தம். இன்னொருவர் திரும்பும்போது முழு உடம்பையும் பீரோவைத் திருப்புவது போலத் திருப்புகிறார். மற்றொருவரின் கட்டைவிரல் ஆள்காட்டி விரல் மேல் எதையோ உருட்டிக்கொண்டே வருகிறது. இதையெல்லாம் பரிசோதனை அறையில் நாற்காலி போட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைத் தொங்கவிடச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லியும் பார்ப்பார்கள். அவரும் பார்ப்பார்தான். ஆனால் அதில் அவருக்குப் பாதி நம்பிக்கைதான்.

"நடந்து காட்டுங்கன்னு சொன்னா யாரும் நடக்க மாட்டாங்க, அணிவகுப்புதான் நடத்துவாங்க," என்பார் புதிதாக வரும் நர்ஸுகளிடம். "எப்படி இருக்குன்னு கேட்டா, வீட்டுக்குப் போகணுமேன்னு நல்லா இருக்கேம்பாங்க. உடம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதைப் பாருங்க."

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கண் பல பேரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எப்போதும் பெப்பர்மின்ட் மென்றுகொண்டே இருப்பார். இனிப்புப் பிரியர் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெப்பர்மின்ட் தீர்ந்த ஒரு மத்தியானம் அவர் வெறும் வாயை மென்றுகொண்டிருந்ததைக் கண்டவர் சிஸ்டர். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரை உதட்டையும் தாடையையும் தன்னிச்சையாக அசைய வைத்திருந்தது. அந்த அவமானத்தை மறைக்கத்தான் மனிதர் பெப்பர்மின்ட் வாங்கியிருந்தார். இன்னொரு முறை, இளம்பெண் ஒருத்தியை வீட்டார் தூக்காத குறையாகக் கொண்டுவந்து விட்டார்கள். பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, எல்லாம் பிடிவாதம் என்றார்கள். சிஸ்டர் அவள் கையை மெல்லத் தூக்கிவிட்டு நகர்ந்து நின்றார். கை அந்தரத்திலேயே நின்றது. "இது பிடிவாதம் இல்ல, வியாதி. டாக்டரைக் கூப்பிடுங்க," என்றார். மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் வாயைத் திறந்து டீ கேட்டாள். கேட்டதோடு விட்டாளா, சர்க்கரை கம்மி என்று குறையும் சொன்னாள். வார்டே சிரித்தது.

ஆனால் இந்தக் கண்ணோடு ஒரு வீட்டில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் கணவர் வரி அலுவலகத்தில் எழுத்தர், அமைதியானவர். "நம்ம வீட்ல தும்மறதுக்குக்கூட அனுமதி வாங்கணும்," என்று மகளிடம் குசுகுசுப்பார். "மூக்கைச் சொறிஞ்சா போதும், உங்கம்மா கேஸ் ஷீட் எழுத ஆரம்பிச்சிடுவா." மகள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாயின் பார்வை முதுகில் படும்போதெல்லாம் எரிச்சலாக வரும். சிஸ்டருக்கு அது புரியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த பாசம்.

கிரேன்காரர் வந்து சேர்ந்தது மழை நின்ற ஒரு வாரத்தில். துறைமுகத்தில் ஆகாயத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறவர். அவர் மனைவி ஒரு ரொட்டிக் கடையில் கல்லாவில் இருந்தார். கூண்டில் இருக்கும்போது யாரோ காதுக்குள் பேசுகிறார்களாம். இந்தப் பெட்டி கீழே நிற்கிறவர்கள் தலையில் விழும், நீதான் போடப்போகிறாய் என்று சொல்கிறார்களாம். பயந்துபோய் ஒரு நாள் பெட்டியைப் பாதி உயரத்தில் நிறுத்திவிட்டு, இறக்க மாட்டேன் என்று அழுதிருக்கிறார். சேர்த்த அன்று கட்டில் விளிம்பில், முழங்கால் மேல் உள்ளங்கைகளை வைத்து, தலையைச் சற்றே சாய்த்து உட்கார்ந்திருந்தார். குரலைக் கேட்கிறார் என்று சிஸ்டர் வாசலில் நின்றே சொல்லிவிட்டார். அதில் தப்பில்லை. ஊசி மருந்து தொடங்கினார்கள்.

சில நாளில் தலைச் சாய்ப்பு போனது. ஆனால் நடை வந்தது. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சாப்பாட்டு வரிசையில் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதித்தார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, நாற்காலி சூடாகும் முன்னே எழுந்துகொண்டார். "குட்டி போட்ட பூனை கெட்டுது போங்க," என்றார் உதவியாளர். பல்லைக் கடித்திருந்தார் கிரேன்காரர். யாரையும் பார்ப்பதில்லை. பக்கத்துக் கட்டில்காரர் வழியில் நின்றபோது தோளால் இடித்துக்கொண்டு போனார்.

சிஸ்டர் கம்பியில் சாய்ந்து நின்று பார்த்தார். இறுகிய தாடை, முறைத்த பார்வை, வேக நடை. "வியாதி ஏறுது டாக்டர். கோபம் உள்ளே கொதிக்குது," என்றார். டாக்டர் நல்லவர், வேலையில் மந்தமில்லாதவர். ஆனால் எழுபது நோயாளிகளுக்கு ஒரே டாக்டர். சிஸ்டரின் கண்மேல் அவருக்குத் தன் கண்ணைவிட நம்பிக்கை. மருந்தைக் கூட்டினார். நடையும் கூடியது. மறுபடி கூட்டினார்கள். ஒரு பகல் பொழுதில் கிரேன்காரர் வராந்தாக் கதவின் கண்ணாடியில் நெற்றியால் மோதி அதை உடைத்துவிட்டார். பெரிய காயமில்லை. ஆனால் திறந்த வார்டில் கண்ணாடி உடைத்தவரை வைத்துக்கொள்ள முடியாது. வரும் திங்கட்கிழமை டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது அவரை உள்கட்டிடத்துக்கு மாற்றுவதென்று முடிவானது.

உள்கட்டிடத்துக்குப் பூட்டு உண்டு. மாதத்துக்கு ஒரு தடவைதான் சொந்தக்காரர்கள் பார்க்கலாம். போனவர்கள் திரும்பி வருவது உண்டுதான், ஆனால் சீக்கிரம் வருவதில்லை. அங்கேயே தலை நரைத்தவர்களும் இருந்தார்கள். இதைச் சொல்லும் வேலையும் சிஸ்டர் தலையில்தான் விழுந்தது. ஞாயிறு பார்வை நேரத்தில் கிரேன்காரரின் மனைவி வேப்பமரத்தடி பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் கணவருக்கு இடம் விட்டிருந்தார். கணவரோ பெஞ்சைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். நெற்றியில் கட்டு. மனைவி வாங்கி வந்த ரொட்டிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

சிஸ்டர் சொன்னதைக் கேட்டு அந்த அம்மாள் அழவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இவரு புதுசா இருக்காரு சிஸ்டர்," என்றார். "எங்க வீட்ல இவர எழுப்பறதுதான் பெரும்பாடு. கோபம் வந்தாகூட உக்காந்த இடத்துல உக்காந்துதான் கோபப்படுவாரு. காதுல குரல் கேட்டு ரொம்ப மோசமா இருந்தப்பவும் நாற்காலிய விட்டு அசையல. கால் ரெண்டையும் நான்தான் தூக்கிப் பிடிச்சுப் பெருக்குவேன். அது அவரு வேலையில வந்த பழக்கம். கூண்டுல கொஞ்சம் அசைஞ்சாலும் கீழ பெட்டி ஆடுமாம்."

"வியாதி ஒரே மாதிரி இருக்காதும்மா," என்று சிஸ்டர் சமாதானம் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அந்தப் பேச்சு செருப்புக்குள் போன சிறு கல்லாக வீடு வரை கூடவே வந்தது.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஞாயிறென்றும் பாராமல் வைத்திருந்த ஒரு இன்டர்வ்யூவுக்குப் போய் வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுக்களைக்குப் போகும்போது விந்தி விந்தி, வெடுக்கென்று நடந்தாள். சிஸ்டர் பார்த்தார், முடிவும் கட்டினார்.

"இன்டர்வ்யூ சரியா போகலேன்னா அதுக்கு எங்க மேல ஏன் கோபப்படற? இன்னொண்ணு வரும்."

மகள் தட்டைக் கீழே வைத்தாள். "இன்டர்வ்யூ நல்லா போச்சும்மா. வேலை கெடைக்கும் போலிருக்கு. புது ஷூ குதிகால கடிச்சுத் தோலை உரிச்சிடுச்சு. எரியுது. அதான் இப்படி நடக்கறேன். அவ்ளோதான்."

"சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டியா? பாத்த. பாத்துட்டு நீயே ஒரு பதிலும் சொல்லிக்கிட்ட. கேட்டிருந்தா வாசல்லயே சொல்லியிருப்பேன்."

கணவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்துப் புரையேறிக்கொண்டார். சிஸ்டர் களிம்பு எடுத்து வந்து மகளின் குதிகாலில் தடவினார். தடவத் தடவ அவர் கை மெதுவாகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. "அம்மா, என்ன?" என்றாள் மகள். "ஒண்ணுமில்ல," என்றார்.

அவருக்கு வந்த சந்தேகம் ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. நேற்றுச் சேர்ந்த நர்ஸுக்கும் தெரிந்த பாடம்தான். குரலை அடக்கும் அதே ஊசி சிலருக்குக் காலில் இருப்புக் கொள்ளாமல் செய்துவிடும். வெளியே பார்க்க அது கோபம் மாதிரியே இருக்கும். இரண்டையும் பிரிக்கக் கண் போதாது. நோயாளியிடம் கேட்கத்தான் வேண்டும். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர், கிரேன்காரரிடம் கேட்கவில்லை. முதல் நாள் குரலைச் சரியாகச் சொன்ன திமிரில், இரண்டாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார்.

திங்கள் காலை அவர் குழாய்ப் பக்கம் போய் நிற்கவில்லை. நடந்துகொண்டிருந்த கிரேன்காரரோடு சேர்ந்து தானும் நடந்தார். உட்காரச் சொல்லவில்லை. அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க அவருக்கு மூச்சு வாங்கியது.

"காதுல இன்னும் பேசறாங்களா?"

"இல்ல. அது போய் நாளாச்சு."

"யார் மேலயாவது கோபமா?"

"இல்ல."

"அப்போ நடக்கச் சொல்றது யாரு?"

கிரேன்காரர் முதல்முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தார். "யாரும் சொல்லல. காலு. உக்காந்தா எலும்புக்குள்ள யாரோ முறுக்கற மாதிரி இருக்கு. நடந்தா கொஞ்சம் பரவாயில்ல. நின்னா மறுபடி முறுக்குது. தூங்கவும் முடியல. செத்துடலாம்னு இருக்கு சிஸ்டர். அன்னிக்கு அதான் கண்ணாடில..."

சிஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லணுமா?" அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நீங்கதான் தெனமும் அங்க நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களே. சிஸ்டர்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம், பாத்தாலே தெரிஞ்சுப்பாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சும் ஊசிய கூட்டறீங்க. ஏதோ நான் செஞ்சதுக்குத் தண்டனை போலிருக்கு, பொறுத்துக்கணும்னு இருந்தேன்."

பேரும் பட்டமுமாகத் தான் வாங்கி வைத்திருந்தது இந்த மனிதரின் வாயை அடைத்திருக்கிறது என்பது சிஸ்டருக்கு விளங்கியது. "தண்டனை இல்ல. தப்பு. என் தப்பு," என்றார். அவரோடு சேர்ந்து இன்னும் இரண்டு மூன்று தடவை வராந்தாவை நடந்தார்.

டாக்டரின் சுற்று தொடங்கியபோது உள்கட்டிடத்து ஆட்கள் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றிருந்தார்கள். டாக்டர், நர்ஸுகள், உதவியாளர் எல்லோரும் இருந்தார்கள். சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இவர மாத்த வேண்டாம் டாக்டர். இது கோபம் இல்ல. மருந்தால கால்ல இருப்புக் கொள்ளல. நான் தப்பா சொன்னேன். பாத்தேனே தவிர, இவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

உதவியாளர் தரையைப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நானும் கேக்கல சிஸ்டர்," என்றார். "கையெழுத்துப் போட்டது நான்தானே."

பிறகு டாக்டரே கிரேன்காரரோடு நடந்தபடி, அதே கேள்விகளைத் தானும் கேட்டார். ஊசியைக் குறைத்தார், காலுக்கென்று ஒரு சின்ன மாத்திரை எழுதினார். குரல் திரும்பி வந்தால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும் என்று இரண்டு தடவை சொன்னார். சாவிக்காரர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

கால் ஒரே நாளில் அடங்கிவிடவில்லை. அந்த வாரமும் நடந்தார், ஆனால் நடுநடுவே உட்கார்ந்தார். உட்காரும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. சிஸ்டர் காலையில் குழாய்ப் பக்கம் நிற்பதை விடவில்லை. கண் என்ன பாவம் செய்தது? ஆனால் பார்த்து முடித்ததும் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்கவும் தொடங்கினார். கேட்கும் பழக்கம் இல்லாததால் முதலில் அது போலீஸ் விசாரணை மாதிரிதான் இருந்தது. "சிஸ்டருக்கு எக்ஸ்ரே மெஷின் ரிப்பேரு, அதான் வாயால கேக்கறாங்க," என்றார் உதவியாளர். சிஸ்டரும் சேர்ந்து சிரித்தார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரேன்காரர் மனைவியின் பக்கத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் உள்ளங்கைகள். கால்கள் மண்ணில் ஊன்றி அசையாமல் இருந்தன. ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவர் எழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் மனைவி அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

படிமேல் நின்று பார்த்த சிஸ்டருக்கு மனசு நிறைந்தது. அப்படியே திரும்பிப் போக நினைத்தவர், போகாமல் மெல்ல இறங்கி வந்தார்.

"எப்படி இருக்கு?"

"நீங்களே பாக்கறீங்களே," என்று கிரேன்காரர் சிரித்தார்.

"பாத்தது போதும். நீங்க சொல்லுங்க."

"நல்லா இருக்கு. இன்னிக்கு உக்காந்துகிட்டே குளிச்சேன், உக்காந்துகிட்டே சாப்பிட்டேன். இவ இன்னும் நம்பல." அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். சிஸ்டரின் காலைப் பார்த்தார். "உங்களுக்கு எடது முட்டி ரொம்ப வலிக்குதா சிஸ்டர்?"

சிஸ்டர் திடுக்கிட்டார். "ஏன் கேக்கறீங்க?"

"படி எறங்கும்போது அந்தக் கால மடக்கறதில்ல. வராந்தாவுலயும் எப்பவும் கம்பிய புடிச்சுத்தான் நிக்கறீங்க. எல்லாரையும் கவனிக்கறதுக்கு நிக்கறாங்கன்னு இங்க சொல்லுவாங்க. எனக்கு மேல இருந்து கீழ பாத்துப் பாத்துப் பழக்கம். ஆனா பாத்தத வச்சு நானா முடிவு பண்ணக்கூடாதே. அதான் கேக்கறேன். அன்னிக்கு என்கூட அத்தனை தூரம் வேற நடந்தீங்க."

அந்த முட்டி வலிக்கத் தொடங்கி வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் யாருக்கும் தெரியாது. யார் என்ன மறைத்தாலும் கண்டுபிடிக்கிற வீட்டுக்காரி தன்னுடையதை மறைத்தால் யாருக்குத் தெரியும்? அவரும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

கிரேன்காரரின் மனைவி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். சிஸ்டர் இடது காலை நீட்டியபடி உட்கார்ந்தார். கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

"வலிக்குதுங்க," என்றார். "ரொம்ப நாளா வலிக்குது."